கதவில் கட்டிய சிவப்புக் கொடி

1. பயிற்சிக்கூடக் கதவின் கைப்பிடியில் சிவப்புக் கொடியைக் கட்டியவர் அவர்.
2. அதை அவிழ்க்காமலே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனவரும் அவர்.
3. அவர் போனதால் தலைமைப் பயிற்சியாளர் ஆனவள் நான்.
4. கொடி இன்னும் கதவில்தான் இருக்கிறது.

இப்படி எண் போட்டு எழுதிவிட்டால் எனக்கு வழக்கமாக மனம் அடங்கிவிடும். இந்த விஷயத்தில் அடங்கவில்லை.

ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் அவரும் நானும், இரண்டு பெண்கள், ஒரே சமயத்தில் சேர்ந்தோம். கூடம் ஆவடியைத் தாண்டி, நெமிலிச்சேரி நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில். பிரேக்கையும் சக்கரத்தையும் தலைகீழாக அறிந்த சூப்பர்வைசர்களுக்கு அவர்கள் தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்லித்தர வேண்டும். பெட்டி யாருடையது, நமக்கு எதற்காகப் பணம் தருகிறார்கள், ஒரு பெட்டி ஷெட்டில் கூடுதலாக ஒரு நாள் நின்றால் அந்த இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம்தான் பாடம். நான் மெக்கானிக்கல் படித்தவள். அவர் பி.காம்., கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர், என்னைவிட மூத்தவர். மாறி மாறி வகுப்பெடுக்கச் சொன்னார்கள். இருவரில் ஒருவரைத் தலைமைப் பயிற்சியாளராக்குவார்கள் என்றார்கள். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

அவருடைய முதல் வகுப்பில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நிமிடத்துக்கு ஒரு போன் அடித்தது. ஆளுக்கு ஆள் எழுந்து ஷெட்டுக்கு ஓடினார்கள். நேராக வேலையிலிருந்து வந்த ஒருவர் மேசைமேல் சுருட்டிய சிவப்புக் கொடியை வைத்திருந்தார். வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர் அதை எடுத்துப் போய்க் கதவின் கைப்பிடியில் கட்டினார். கொடிக்காரர் பதறினார்.

“தங்கச்சி, பொட்டிக்குக் கீய பூந்து வேலை பாக்கறவன் வெக்கற கொடி அது.”

“நானும் அதான் பண்ணப்போறேன் அண்ணே. உங்க மண்டைக்குள்ள பூந்து வேலை பாக்கணும். நான் எடுக்கற வரைக்கும் ஒரு பொட்டி நகரக் கூடாது.”

பெட்டிக்கு அடியில் ஆள் இருக்கும்போது முனையில் சிவப்புக் கொடி வைப்பார்கள். வைத்தவர்தான் எடுக்க வேண்டும். பெரிய அதிகாரியே வந்து சொன்னாலும் மற்றவர் தொடமாட்டார்கள். தொட்டால் போவது அடியில் இருப்பவரின் உயிர். அந்த விதி என்னுடைய ஸ்லைடில் படத்தோடு இருந்தது. அதைக் கதவில் கட்டலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலை வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அவர் வீடு பூந்தமல்லி. கல்யாணத்துக்குப் பிரியாணி சமைக்கும் தேக்சாக்களை வாடகைக்கு விடும் கடை அவர் வாப்பாவுடையது. முழு ஒப்பந்தத்தையும் அவர் அந்தக் கடையை வைத்தே சொல்லிவிட்டார். “முகூர்த்தத்தன்னிக்கு தேக்சா கடையில கவுந்து கெடந்தா வருமானம் இல்ல. ஈயம் பூசாம அவசரத்துல அனுப்பினா அடுத்த கல்யாணமே வராது. இப்ப சொல்லுங்க, பொட்டிய எப்ப வெளிய வுடணும்?” அறை முழுவதும் ஒரே நேரத்தில் பேசியது. நான் அதே விஷயத்தை வரைபடம் போட்டு விளக்கியபோது, ஏசியைக் குறைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கிடைத்த கேள்வி அது ஒன்றுதான்.

அவர் அவர்களுக்குத் தங்கச்சி. நான் மேடம். எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். இப்போது பருத்திப்பட்டில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். ஒருநாள் துணிந்து, அவர்கள் பேச்சிலேயே, “இதுல இன்னா பிரச்சனை கீது?” என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்தவர் மெதுவாக, “வேணாம் மேடம்,” என்றார். அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு அவருக்கு வேறு ஊரில் பெரிய பொறுப்பு கிடைத்தது. வழக்கம்போல் கொடியைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டிருந்த வகுப்பின் பாதியில் அழைப்பு வந்து கிளம்பியவர் திரும்ப வரவில்லை. இங்கே போட்டிக்கு ஆள் இல்லாததால் இடம் எனக்கு வந்தது. மறுநாள் காலை, கொடியை அவிழ்க்கும்படி கதவருகே இருந்தவரிடம் சொன்னேன்.

“வெச்சவங்கதான் எடுக்கணும் மேடம். நான் கை வெச்சா நாளைக்கு ஷெட்ல எம் பேச்ச எவன் கேப்பான்?”

“இது வகுப்பறைக் கதவு அண்ணா. இதுக்கு அடியில் யாரும் இல்லை.”

“இன்னிக்கு கதவும்பீங்க, நாளைக்குப் பொட்டியும்பீங்க,” என்றார் பின்னால் ஒருவர். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எல்லோரும் போன பிறகு ஒருமுறை முடிச்சில் விரலை வைத்தேன். விதியைப் பாடமாகச் சொல்பவளே அதை மீறினால் அடுத்த நாள் எந்த முகத்தோடு அந்த ஸ்லைடைக் காட்டுவது? கையை எடுத்துக்கொண்டேன்.

அந்த அணி பயிற்சி முடிந்து போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். புதிய அணி வந்தது. வெள்ளானூரிலிருந்து வருகிற ஒருவரிடம், கொடியை அவிழ்க்க முடியுமா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். “அய்யய்யோ, அது அந்தத் தங்கச்சி கட்னதாமே! முன்ன வந்தவங்க சொல்லிதான் அனுப்பிகீறாங்க,” என்றார். அவரைப் பார்த்தே இராத ஒருவர் வாயில் அந்தத் தங்கச்சி. எனக்கு அன்று பாடம் ஓடவில்லை.

போன வாரம் அவருக்கு போன் செய்தேன்.

“இன்னும் அங்கயேவா கீது அது? அவுத்துப் போட வேண்டியதுதானே பா!”

“நீங்கள் வந்து எடுக்க வேண்டுமாம்.”

அவர் சிரித்தார். மகிழ்ச்சியை மறைக்காத சிரிப்பு. மறைக்க வேண்டிய எதுவும் அவரிடம் ஒருபோதும் இருந்ததில்லை. அதுவும் எனக்குப் பொறாமைதான்.

கொடி வெயிலில் வெளுத்து, இப்போது சிவப்பு என்று சொல்வதற்கில்லை. முடிச்சு மட்டும் இறுக்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை வாப்பாவைப் பார்க்க வரும் வழியில் அவர் இங்கே வந்து அதை அவிழ்ப்பார். அன்றைய வகுப்பு என்னுடையது. விடுப்பு கேட்டிருந்த மூவரும் அதை ரத்து செய்துவிட்டார்கள். பழைய அணியிலிருந்தும் சிலர் வருகிறார்களாம். கூடுதல் நாற்காலிகளுக்கு நான்தான் சொல்லியிருக்கிறேன்.