மீசையில் வந்த முட்டை

போன திங்கட்கிழமை காலை எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப் போனார் என் வீட்டுக்காரர். கூடையோடு நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். கங்காணி மட்டும் மரியாதைக்கு மலைப் பக்கம் திரும்பி நின்று சிரித்தாராம்!

ஏன்? தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான அவருடைய மேலுதடு மழமழவென்று இருந்தது. கல்யாணத்தன்று நான் பார்த்த மீசை — வீட்டில் என்னைவிட அதிகக் கவனிப்போடு வளர்ந்த மீசை — காணாமல் போயிருந்தது.

எப்படிப் போனது? சொல்கிறேன். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அவர் வாசிப்பதில்லை. தைரியமாகச் சொல்லலாம்.

என் மகள் செல்விக்கு ஐந்து வயது. முட்டை ஆகாது. போன வருஷம் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு துண்டு கேக் தின்றுவிட்டு, உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு இழுத்து... அப்பப்பா! முட்டை வாசமே வீட்டில் கூடாது என்றார் டாக்டர். அன்றைக்கே கோழிகளைத் தொழிலாளர் லயத்து வீடுகளில் கொடுத்துவிட்டேன். பிஸ்கட்டைக்கூடக் கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்துதான் வாங்குவேன். வீட்டுக்காரரும் சாமி படத்துக்கு முன்னால் நின்று, இந்த வீட்டில் முட்டையைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

பிறகென்ன பயம் என்றுதானே இருந்தேன்? இரண்டு மாதமாக ஒரு வினோதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் செல்வியின் கன்னம் சிவந்து தடிக்கும். மற்ற நாட்களில் ஒன்றுமில்லை. ஞாயிறன்று வீட்டுக்குப் புதிதாக வருவது எது? அவர் அப்புத்தளைச் சந்தையில் வாங்கிவரும் வெலிமடை உருளைக்கிழங்கு. பிடித்தேன் குற்றவாளியை! கிழங்கு நிறுத்தப்பட்டது.

செல்விக்கோ கிழங்குதான் உயிர். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு விம்முவாள். கேக் போச்சு, பிஸ்கட் பாதி போச்சு, இப்போது கிழங்கும் போனால் பிள்ளை என்னதான் தின்னும்? எனக்கும் சோறு இறங்கவில்லை. அப்படியும் கன்னம் சிவந்தது... சோப்பை மாற்றினேன். தலையணை உறையை வெந்நீரில் அவித்தேன். ஊஹூம்.

போன ஞாயிறு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர், வழக்கம்போல் வாசலிலேயே மகளைத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் வைத்தார். நான் இன்னும் அடுப்பே மூட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் செல்வி கன்னத்தைச் சொறிந்துகொண்டு வந்தாள்.

“அப்பா மீசை அரிக்குதும்மா.”

பார்த்தேன். சிவப்பாக இரண்டு கீற்று, நடுவில் சின்ன இடைவெளி. அச்சு அசல் மீசை!

“என்னங்க, இங்க வந்து கொஞ்சம் குனிங்க” என்றேன்.

மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பட்டப்பகலில் இப்படி ஓர் அழைப்பு வந்ததில்லையே! கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். நான் மீசையை மோந்து பார்த்தேன்.

மிளகுத்தூள். தேங்காய் எண்ணெய். முட்டை!

பஸ் வரும்வரை ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இரண்டு முட்டை ஆப்பமாம். வாராவாரமாம். வீட்டில் தொடமாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தேன் என்று வக்கீல் மாதிரி ஆரம்பித்தவர், மகளின் கன்னத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

“எம் புள்ளய நானேவா இப்படிப் பண்ணேன்?” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எழுந்து சவரக் கண்ணாடியை எடுத்தார். சோப்புப் போட்டுக் கழுவினால் போதுமே என்றேன். ஆப்பமும் வேண்டாம், மீசையும் வேண்டாம் என்றார். பெரட்டில் சிரிப்பார்களே என்றேன். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றார். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது — அந்த நிமிஷம் எனக்கு அவரை அவ்வளவு பிடித்தது.

வழித்த முகத்தோடு வந்து மகள் முன்னால் குந்தினார். செல்வி அந்த மொட்டை உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஏதோ பாசமாகச் சொல்லப்போகிறாள் என்று இரண்டு பேரும் கண் கலங்கக் காத்திருந்தோம்.

“அப்ப கிழங்கு மேல தப்பு இல்லதானே?” என்றாள்.

கிழங்கு அன்றைக்கே விடுதலையாகி, பக்கத்து வீட்டிலிருந்து வந்து அடுப்பேறியது. அப்பாவுக்கு மட்டும் இனி ஞாயிறுதோறும் வாசலில் சோதனை முடிந்த பிறகுதான் அனுமதி.

மற்ற வீடுகளில் சாராயத்துக்கு வாய் மோந்து பார்ப்பார்கள். எங்கள் வீட்டில்... முட்டை ஆப்பத்துக்கு!