மூன்றாவது சன்னல்

சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடைவீடு இருக்கிறது. மாடியில் தெருவைப் பார்த்து மூன்று மரச் சன்னல்கள். மழை வந்த ஒரு மதியம், வெளியே நீட்டியிருந்த மூங்கில் கழியில் காயப்போட்ட துணியை எடுக்க என் தங்கை மூன்றாவது சன்னலில் எட்டிச் சாய்ந்தாள். உளுத்துப்போயிருந்த சட்டம் அவளோடு சேர்ந்து கீழே விழுந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது.

காரியம் முடிந்த பிறகும் அம்மா அந்த அறைக்குள் போகவில்லை. சாயங்காலமானால் அங்கே மூங்கில் உரசுகிறது என்பார். மூங்கிலை நான் எப்போதோ எடுத்துப் போட்டுவிட்டேன். ஒருநாள் நான் ஜுருவில் வேலை முடிந்து வீடு வந்தபோது, அம்மா ஆள் வைத்து அந்தச் சன்னலைச் செங்கல்லால் அடைத்திருந்தார். அன்றுதான் அம்மா நன்றாகத் தூங்கினார்.

இரண்டு மாதத்தில் நகர கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. பாரம்பரிய வட்டாரத்து வீடு, முகப்பை அனுமதியில்லாமல் மாற்றக்கூடாது, பழையபடி ஆக்க வேண்டும். கடிதத்துக்குப் பின்னாலேயே ஒரு தமிழ்ப் பெண் அதிகாரியும் வந்தார்.

"என் வீட்டுக்காரரு விட்டுட்டுப் போன வீடும்மா இது. என் வீட்டுச் சன்னல அடைக்க நான் யாரக் கேக்கணும்?" என்றார் அம்மா.

"வீடு உங்களோடதுதான் ஆன்ட்டி. முகப்பு மட்டும் ரூல்ஸ்படி அப்படியே இருக்கணும் லா. ஆளாளுக்கு ஒண்ண அடைச்சா இந்த ஜாலான்ல, மொத்தத் தெருவுலயும், அப்புறம் என்ன மிஞ்சும்?"

அம்மா அவரை மாடிக்கு அழைத்துப் போனார். மாலை போட்ட தங்கையின் படத்தைப் பார்த்ததும் அதிகாரி கையிலிருந்த ஃபைலை மூடிவிட்டார். கீழே இறங்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, வெளிய சன்னலப் பழையபடி போட்டுடுங்க. உள்பக்கம் பலக அடிச்சு மறைச்சுக்கலாம். கழட்டுற மாதிரி இருந்தா போதும். அனுமதிக்கு நானே எழுதுறேன்."

அப்படியே செய்தோம். செங்கல்லை உடைத்தது நான்தான். புதுச் சட்டம் பொருத்தி, கதவுகளைச் சாத்தி, உள்ளே பலகை அடித்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இருட்டு நின்றது.

சத்தம் திரும்பி வந்தது. இந்த முறை எனக்கும் கேட்டது. புது மரம் காய்கிறது என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அம்மா பயப்படவில்லை. தினமும் பலகையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பசாரில் வாங்கிய மீன், பக்கத்து வீட்டுக் கல்யாணம், முழங்கால் வலி, எல்லாம்.

"யார்கிட்டம்மா பேசுற?"

"செங்கல்லு வச்சு அவளுக்கு எடமே இல்லாமப் பண்ணிட்டேன்டா. இப்பத்தான் வந்திருக்கா."

வீடு மாறிவிடலாம் என்று பட்டர்வொர்த்தில் ஒரு ஃபிளாட் பார்த்தேன். வரமாட்டேன் என்றுவிட்டார்.

போன மாதம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அவர் மூக்குக்கண்ணாடியை எடுக்க வீட்டுக்கு வந்தவன் பலகைக்கு முன்னால் நின்றேன். "அம்மாவுக்கு இப்பப் பரவால்ல," என்றேன். என் குரல் எனக்கே கூச்சமாக இருந்தது. அதுவரை உள்ளே கேட்டுக்கொண்டிருந்த உரசல் நின்றுபோனது. யாரோ காது கொடுத்துக் கேட்கும்போது இருக்கும் அமைதி அது. நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன மீதியையும் சொன்னேன்.