செல்வி தைத்த போர்வை

2005-இல் நான் ஏழு மாதக் கர்ப்பிணி. வீரபாண்டியில் எங்கள் கம்பெனி குழந்தை உடைகளை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கொடுத்த கேட்லாக்கைப் பார்த்து, பிறக்கப்போகும் குழந்தையின் அறையைப் பழைய பொருட்களாலும் கைவேலைகளாலும் அலங்கரிக்கும் பைத்தியம் எனக்குப் பிடித்திருந்தது. குன்னத்தூரிலிருந்து பழைய மரத்தொட்டில் வந்தது. அதில் விரிக்க, தைத்த உடைகளைச் சரிபார்க்கும் செக்கிங்கில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரி செல்வி, பழைய சேலைகளை ஒட்டுப்போட்டுக் கையாலேயே ஒரு போர்வை தைத்துக் கொண்டுவந்தாள்.

நன்றிகூடச் சொல்லாமல் அதை மெஷினில் விட்டேன். துணிக்குள் உடைந்த ஊசி இருந்தால் கத்தும் மெஷின் அது. கத்தியது.

“ஏம்புள்ள, பச்சக் கொழந்தைக்குத் தைக்கறதுல ஊசிய உடுவயா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொண்டே மூலையைக் கத்தரியால் கிழித்தேன். சின்ன இரும்புக் காப்பு ஒன்று விழுந்தது.

“எம் மவன் காலுல கெடந்ததுக்கா. இரும்பு இருந்தா காத்துக்கருப்பு அண்டாதுல்லா, அதான் வச்சுத் தச்சேன்” என்றாள் செல்வி.

எங்கள் வீட்டிலும் தொட்டிலுக்கு அடியில் இரும்பு வைப்பதுண்டு. எனக்குத் தெரியாததல்ல.

காப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

கிழிந்த மூலையை நானே தைத்துப் போர்வையைத் தொட்டிலில் விரித்தேன். குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத் தடவிப் பார்த்து, யார் தைத்தது என்று கேட்டார்கள். கடையில் வாங்கியது என்றே சொன்னேன்.