மாமனாரின் வேட்டியும் நான் சாயம் போட்ட சோபாவும்

மாமனார் சிதம்பரத்தில் சிறிய வீடாகப் பார்த்துக் குடிபோனபோது, தன்னுடைய பழைய தோல் சோபாவைக் கடலூரில் இருக்கும் எங்களுக்கு அனுப்பி வைத்தார். வரும்போதே உட்காரும் இடம் வெடித்திருந்தது. கைப்பிடிகள் வெளுத்திருந்தன. மிச்சத்தைக் கடல் காற்று பார்த்துக்கொண்டது.

“கடையில குடுத்துடலாங்க,” என்றாள் மனைவி.

“எதுக்கு? நானே பண்றேன்.”

இப்படிச் சொல்லி நான் பிரித்த மிக்சி இன்னும் பரணில் கிடக்கிறது. அவள் அண்ணாந்து பரணைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

செல்போனில் நிறைய வீடியோ பார்த்தேன். எல்லாவற்றையும் முக்கால்வாசி பார்த்தேன். அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது போலிருக்கும், நிறுத்திவிடுவேன். சோபாவை ஈரத்துணியால் துடைத்து, வெடிப்புக்கு அடியில் துணி வைத்து ஒட்டி, பசை பூசி, உப்புத்தாள் தேய்த்து, காப்பிப் பொடி நிறத்தில் சாயம் போட்டேன். காய்ந்ததும் புதுசு மாதிரிதான் இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போட்டோ அனுப்பினேன்.

போட்டோவைப் பார்த்துவிட்டு மாமனார் நேரிலேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சாயங்காலம் சிதம்பரத்தில் ஒரு வரவேற்புக்குப் போக வேண்டுமாம். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, கையால் தடவிப் பார்த்து, “பரவால்லியே மாப்ள!” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. வெயிலில் வந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. நான் மின்விசிறியைக்கூடப் போடாமல் வேலை செய்த விதத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கிளம்பும்போதும் என் கண் சோபாமேல்தான் இருந்தது, அவர்மேல் இல்லை.

ராத்திரி போன் வந்தது.

“மாப்ள, மேடையில போட்டோ எடுத்துட்டுத் திரும்புறேன், மண்டபமே என் வேட்டி பின்பக்கத்தையே பாக்குது. என்னா கலர் அது?”

“காப்பி கலர் மாமா.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

அன்றுதான் வீடியோவை முழுசாகப் பார்த்தேன். சாயம் துணியில் ஒட்டாமலிருக்க அதன்மேல் இன்னொரு பூச்சு அடிக்க வேண்டுமாம். கடைசிக் கால்வாசியில் அதைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு மாமனார் கறுப்பு பேண்ட்டில் வந்தார். “நானும் ஒரு கை போடறேன், நகரு,” என்று தூரிகையைப் பிடுங்கிக்கொண்டார். நான் மெல்லிசாகப் பூச வேண்டும் என்றேன், அவர் தடியாகத்தான் பூச வேண்டும் என்றார். சண்டை தீராமல் ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக்கொண்டோம். காய்ந்த பிறகு பார்த்தால், ஒரு பக்கம் குளத்திலிருந்து ஏறிய எருமை மாதிரி மினுங்கியது. மறு பக்கம் மங்கிக் கிடந்தது.

மனைவி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். “எந்தப் பக்கம் யாரு பண்ணது?”

இருவரும் ஒரே நேரத்தில் மினுங்கும் பக்கத்தைக் காட்டி, “நான்தான்,” என்றோம்.