கடை திறந்த அன்று துப்பாக்கி வாங்கப் போனோம்

"துப்பாக்கி இன்னா ஆச்சின்னு உனக்கு எதுக்குடி? குடிவந்து ஒரு வாரம் ஆவல, அதுக்குள்ள எங்க ஊட்டு சுவத்துல ரெண்டு ஆணி எதுக்குன்னு ஆராய்ச்சியா? போ, அடுப்புல பால் பொங்குதான்னு பாரு!" என்று மாடி வீட்டுப் பெண்ணைத் திட்டினேன். அவள் நகரவில்லை. கேட்காமல் போகிற முகம் இல்லை அது. எனக்கும் சொல்லாமல் இருக்கிற வாய் இல்லை.

துப்பாக்கி என் மாமனாருடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். "சொல்தா வீடு", அதாவது சிப்பாய் வீடு, என்று கேட்டால்தான் எங்கள் தெருவில் இன்றைக்கும் வழி காட்டுவார்கள். பட்டாளத்துக்குப் போனது அவர்; மீசை மட்டும் என் வீட்டுக்காரருக்கு வந்தது. இவர் உழவர்கரையில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் சுட்டது ஒரு தென்னை மரத்தை. அதுவும் காக்காய்க்குக் குறி வைத்து.

பகலில் பூனை மாதிரி இருப்பார். சாயந்திரம் இரண்டு ரவுண்டு உள்ளே போனதும் துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கி எண்ணெய் போட்டுத் துடைப்பார். மூன்றாவது ரவுண்டுக்கு அதைத் தோளில் சாத்திக்கொண்டு கூடத்தில் அணிவகுப்பு நடக்கும். நான் முறத்தோடு ஒதுங்கி நிற்பேன்.

"குண்டே இல்லடி, பயப்படாத" என்பார்.

குடித்தவர் சொன்ன சாட்சி. நானும் நம்பினேன்.

போன தேர்தலுக்கு முன்னால் மகள் பிரசவத்துக்கு வந்தாள். பேத்தி பிறந்தாள். கூடத்தில் காற்று வருகிற இடம் ஒன்றுதான். துப்பாக்கி தொங்குகிற சுவரை ஒட்டி, அதற்கு நேர் கீழே தொட்டில் கட்டினோம்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டுப் போடுகிற நாளிலும் எண்ணுகிற நாளிலும் பிராந்திக் கடைகளைச் சாத்திவிடுவார்கள். குடியும் துப்பாக்கியும் ஒன்று சேரக் கூடாது என்று அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரியும். ஓட்டு எண்ணி முடித்ததும் மறந்துபோகும்.

இவரும் கொண்டுபோய் ஒப்படைத்தார். வீடு நிம்மதியாக இருந்தது. எண்ணிக்கை முடிந்து கடை திறந்த அன்றைக்கே, துப்பாக்கியை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன். இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டார். மகள் என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"எம்மா, அந்தச் சனியன் திரும்பி ஊட்டுக்குள்ள வந்துச்சின்னா, நான் புள்ளையத் தூக்கிக்கினு அரியாங்குப்பம் மாமியா ஊட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் பேத்திய நீ போன்லதான் பாக்கணும்."

நானும் கூடவே கிளம்பினேன். வழியில் பிராந்திக் கடை வாசலில் திருவிழாக் கூட்டம். இவர் ஆட்டோக்காரரின் தோளைத் தட்டினார்.

"பாவம், கட சாத்தியிருந்துச்சே. போய்ட்டு வாங்க" என்றேன்.

இவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லாத வார்த்தை. என் கணக்கு வேறு. குடித்தவன் கையில் எந்தப் போலீஸ்காரன் துப்பாக்கியைக் கொடுப்பான்?

கொடுத்தான். ஸ்டேஷனில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கான்ஸ்டபிள் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கினு போங்க தாத்தா" என்றான்.

நான் விடவில்லை. "இன்னா தம்பி, இவர் மேல வர்ற வாசன உனுக்குத் தெரியலியா?"

"பாண்டிச்சேரில இந்த வாசன வராத ஆளக் காட்டு ஆயா, பாக்கலாம்" என்று சிரித்தான்.

அதற்குள் இவர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். சொல்தா வீட்டுப் பிள்ளையாம், சல்யூட் வைக்கிறாராம். கால் ஒரு பக்கம் போகிறது, குழல் மின்விசிறியைப் பார்த்துச் சுற்றுகிறது, விரல் குதிரைமேல் இருக்கிறது.

"பயப்படாத தம்பி, காலி!"

உள் அறையிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. குழலை எட்டிப் பிடித்து ஆளில்லாத சுவர்ப் பக்கம் திருப்பினார். இவர் விரலை மெதுவாக விலக்கினார். துப்பாக்கியை வாங்கி மடக்கித் திறந்தார். உள்ளே சிவப்பாக ஒரு தோட்டா.

வெளியே ஜெயித்த கட்சிக்காரர்களின் பட்டாசு வெடித்தது. கான்ஸ்டபிள் குனிந்துவிட்டான்.

"இது எப்பப் போட்டது பெரியவரே?"

"தெரியலம்மா. ஒரு நாள் நாய் கொரைச்சிக்கினே இருந்துச்சி…"

"எந்த நாயி?" என்றேன் நான்.

"அதான் தெரியல."

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "குடிச்சிட்டு துப்பாக்கியக் கையில எடுத்தா, வெடிக்கலன்னாலும் கேஸ் போடலாம், தெரியுமா? லைசென்ஸ் போயிடும், ஜெயிலுக்கும் போவணும். வெடிச்சி ஒரு உசுரு போச்சின்னா, போதையில தெரியாமப் பண்ணிட்டேன்னு கோர்ட்டுல சொல்ல முடியாது. நீங்களாக் குடிச்சதுதானே?" பிறகு கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார். "நீ வாங்கும்போது தொறந்து பாத்தியா?"

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அன்னிக்குக் கூட்டம் மேடம்."

ஆக, தேர்தல் முழுக்க அந்தத் தோட்டா அவன் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் காத்திருந்திருக்கிறது. தேர்தல் அமைதியாக நடந்தது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

"கேஸ் எழுதுனா இந்தத் தம்பி பேரையும் எழுதணும் இல்லம்மா?" என்று கேட்டேன்.

"மிரட்டுறீங்களா ஆயா?"

"ஐயோ, எனுக்கு இன்னாம்மா தெரியும்? என் பேரையே கோணலா எழுதுவேன்."

அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பா கோபமா, தெரியவில்லை. "துப்பாக்கி இனிமே உங்களுக்குக் கிடையாது. லைசென்ஸ் வேணாம்னு அவரே எழுதிக் குடுக்கட்டும். இங்க நடந்தது தெருவுல பேச்சா வரக்கூடாது."

இவருக்கு மீசை துடித்தது. "எங்க அப்பா துப்பாக்கிம்மா அது! நான் எழுதித் தர மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளையாட்டு போனது. "இன்னாங்க, இங்க பாருங்க. அது தொங்குன எடத்துக்குக் கீழ எது தொங்குச்சி?"

இவர் என்னையே பார்த்தார். குடித்த முகத்தில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்த மாதிரி புரிந்துகொண்டே வந்தது. துப்பாக்கியின் ஆணி. அதற்குக் கீழே தொட்டிலின் கயிறு. அதற்குள் ஒன்றரை மாதக் குழந்தை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார்.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். ஆட்டோ நின்றதும் மகள் முதலில் எங்கள் கைகளைப் பார்த்தாள். பிறகு கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்து, குழந்தையின் துணிகளைக் கொடியில் போட ஆரம்பித்தாள். இவர் நேராகப் போய்ப் படுத்துவிட்டார்.

அதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரி வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள்: "இன்னாக்கா, வெறுங்கையோட வந்துட்டீங்க? துப்பாக்கி எங்க?"

"அந்த சப்-இன்ஸ்பெக்டர் அம்மா ரொம்பத் தங்கமானவங்கடி" என்றேன். "'பெரியவரே, இனிமே ஊட்டுல துப்பாக்கி, பாட்டிலு ரெண்டுல ஒண்ணுதான் இருக்கலாம், உங்களுக்கு எது வேணும்?'னு மரியாதையாக் கேட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு யோசிக்கவே இல்ல."