தலை குனிந்தபடி பார்த்த செர்ரிப் பூக்கள்

போன ஏப்ரலில் நாங்கள் ஜப்பானில் இருந்திருக்க வேண்டும். ஃபூஜி மலையடிவாரத்தில், செர்ரிப் பூக்களும் மலையும் ஒரே பார்வையில் விழுகிற ஓர் ஏரிக்கரையில், நான்கு நாட்கள். இரண்டு வருடத் திட்டம். என் கணவர் குமரன் எதையும் எக்செல் ஷீட்டில் போட்டால்தான் நிம்மதியாகத் தூங்குகிறவர். எந்த வாரம் பூக்கும், எந்த பஸ்ஸில் எந்தப் பக்க ஜன்னலில் மலை தெரியும் என்பதுவரை எழுதி வைத்திருந்தார். என் பங்குக்கு நான் செய்தது இரண்டு ஜோடி ஷூ வாங்கியது மட்டும்தான்.

கடைசியில் நாங்கள் போனது, ஐசலினில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சுமார் இருபது மைலில், நியூவர்க்கில் உள்ள பிராஞ்ச் புரூக் பூங்காவுக்கு. ஏன் என்று சொல்லாமல் இந்தப் பயணத்தை எழுத முடியாது.

விமானத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "இடது கண் ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டுது" என்றார். "நாள் பூரா ஸ்கிரீனையே பாத்தா அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவருக்கு வலது கண்ணில் சிறுவயதிலிருந்தே பார்வை குறைவு. பெரிய எழுத்துதான் தெரியும். படிப்பு, வேலை, கார் ஓட்டுவது எல்லாமே இடது கண்ணை நம்பித்தான். வெள்ளிக்கிழமை அந்தக் கண்ணில் கீழிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறியிருக்கிறது. டாக்டரிடம் போனால் டிரிப் கேன்சல் ஆகிவிடும் என்று பயந்து என்னிடம் மறைத்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் காபிக் கோப்பையை மேஜைக்கு வெளியே, வெறும் காற்றில் வைத்தார். அது உடைந்த பிறகுதான் சொன்னார்.

விழித்திரை பிரிந்திருந்தது. மறுநாளே ஆபரேஷன். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்து அனுப்பினார்கள். உயரத்தில் வாயு விரிந்து கண்ணை அழுத்தும் என்பதால், அது கரைகிறவரை, எட்டு வாரமாவது, விமானம் ஏறக் கூடாது. குமிழி விழித்திரையை அழுத்திப் பிடிக்க, பத்து நாள் தலை குனிந்தே இருக்க வேண்டும். மணிக்குப் பத்து நிமிடம் நிமிரலாம். அவர் தரையைப் பார்த்தபடி சாப்பிட்டார், தரையைப் பார்த்தபடியே ஆபீசுக்கு லீவு சொன்னார். நான் ஹோட்டல்களை ஒவ்வொன்றாக கேன்சல் பண்ணினேன்.

எட்டாவது நாள் காலையில், "நியூவர்க்ல பூத்திருக்குமே, போலாமா?" என்றார்.

"எப்படிங்க பாப்பீங்க?"

"போய்ப் பாப்போம்."

டாக்டர் ஆபீசுக்கு போன் செய்தேன். காரிலும் தலை குனிந்தே இருந்தால் போகலாம் என்றார் நர்ஸ். பக்கத்தில் இருக்கும் சவுத் மவுண்டன் என்ற சிறிய மலைக்குப் போகலாமா என்றும் கேட்டு வைத்துக்கொண்டேன். அந்த உயரம் பரவாயில்லையாம்.

காலை 9:10க்குக் கிளம்பினோம். கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் நான் அதுவரை கார் ஓட்டியதில்லை. அவர் மடியில் தலையணை வைத்து அதில் முகத்தைப் புதைத்திருந்தார். பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்தபோது, "பயப்படாத. அவன் தாண்டிப் போயிடுவான். நீ லேன் மாத்தாத" என்று தலையணைக்குள்ளிருந்து சொன்னார். எக்சிட் 148இல் இறங்கிப் பூங்காவை அடைந்தபோது 9:55. வார நாள் என்பதால் நிறுத்த இடம் இருந்தது. பார்க்கிங்கும் நுழைவும் இலவசம்.

மரங்கள் முழுவதும் பூத்து இரண்டு நாளாகியிருக்கும். முந்தைய நாள் காற்றில் பாதி உதிர்ந்து, பாதையும் புல்லும் வெளிர் ரோஸ் நிறமாகக் கிடந்தன. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி மெதுவாக நடந்தார். ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு வந்த ஒரு தமிழ்ப் பெண் நின்றாள்.

"ஆன்ட்டி, அங்கிள் எதையாவது தொலைச்சுட்டாரா? நான் தேடித் தரட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே, "இல்லம்மா, பூ பாத்துட்டிருக்கேன்" என்றார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, தாழ்ந்திருந்த ஒரு கிளைக்கடியில் இருந்த பெஞ்சைக் காட்டிவிட்டுப் போனாள்.

பெஞ்சில் குனிந்து உட்கார்ந்தார். விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து அவர் கையில் வைத்தேன். அதை இடது கண்ணுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் கொண்டுபோனார். குமிழி வழியே தூரத்துப் பொருள் எல்லாம் வெறும் கலங்கல்தான். ஆனால் அவ்வளவு கிட்டே கொண்டுபோனால் தெரிந்தது. "இதழ் நரம்புகூடத் தெரியுது" என்றார். அந்த மணிக்கு அனுமதித்த பத்து நிமிடத்திலும் அண்ணாந்து பார்க்காமல் அந்த ஒரு பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலையும் வேணுமே" என்று அவர் சொன்னதால் மேற்கே பத்து மைல், சவுத் மவுண்டனுக்கு ஓட்டினேன். மலை என்று சொன்னால் நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள், சில நூறு அடிதான். காரிலேயே குனிந்து உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"அங்கேர்ந்து பூ தெரியுதா?"

"தெரியுது" என்றேன். தெரியவில்லை. கட்டடங்கள்தான் தெரிந்தன.

மே மாதம் விழித்திரை மறுபடி பிரிந்தது. இரண்டாவது ஆபரேஷன் பலிக்கவில்லை. இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சம், இருட்டு மட்டும். அதில் அவர் தெளிவாகப் பார்த்த கடைசிப் பொருள் அந்தப் பூ. வலது கண்ணை வைத்து வீட்டுக்குள் நடமாடுகிறார். வேலையை விட்டாகிவிட்டது. "ஸ்கிரீனையே பாத்தா" என்று நான் சொன்னதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: பெரும்பாலும் ஏப்ரல் நடுவில் பூக்கும், வருடத்துக்கு வருடம் முன்பின் ஆகும், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், பார்க்கிங்குக்கே ஒரு மணி நேரம் போகும். நியூவர்க்கிலிருந்து லைட் ரெயிலிலும் வரலாம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். எங்கே போவதாக இருந்தாலும், கண்ணில் மின்னல் வெட்டினாலோ ஓரத்தில் திரை விழுந்தாலோ டிக்கெட்டைப் பற்றி யோசிக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எங்களுக்கு ஐந்து நாள் இருந்தது.