ஷாமியானா வாசலில் நின்ற குதிரை

கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்த பிறகு, படப்பைப் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் லத்தி அள்ளிக்கொண்டிருந்தேன். பண்ணையில் நடக்கும் குதிரைக் காட்சிப் போட்டியில் ஒரு சுற்று ஒழுங்காக ஓட்டிக் காட்டினால், சவாரி சொல்லிக்கொடுக்கும் வேலையை எனக்கே தருவதாக முதலாளி சொன்னார். போட்டியன்று பார்த்து நான் பழகிய குதிரைக்குக் கால் வீங்கிவிட்டது. மாற்றாக வந்தது, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் வெள்ளைக் குதிரை.

பாதிச் சுற்று வரை அழகாகத்தான் ஓடியது. நான் அதைவிட அழகாக உட்கார்ந்திருப்பதாக நினைப்பு. நடுவர்களின் ஷாமியானாவைக் கண்டதும் குதிரை நேராக அதன் வாசலில் போய் நின்றுவிட்டது. குதிகாலால் இடித்தேன், கெஞ்சினேன், வல்லக்கோட்டை முருகனையும் கூப்பிட்டேன். அசையவில்லை.

அதை வாடகைக்கு விடும் குதிரைக்காரர் வேலிக்கு வெளியிலிருந்து கத்தினார்: "இன்னாபா இன்னும் உக்காந்துகினு கீற? அத்த மண்டபம்னு நெனச்சிக்கிச்சு. மாப்ள எறங்கினாதான் நவுரும்!"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். இறங்கினால் வேலை போச்சு, உட்கார்ந்திருந்தாலும் போச்சு. இறங்கினேன். குதிரை உடனே ஜோராக நடையைக் கட்டியது.

மறுநாள் லத்தி அள்ளவும் வேறு ஆள் வந்திருந்தான். இந்த வயது வரை என்னை மாப்பிள்ளை என்று நம்பிய ஒரே ஜீவன் அந்தக் குதிரைதான். அதுவும் ஆள் தெரியாமல்.